ஏழில் ஒரு பங்கு எங்கே போனது? ஒரு புளூபெர்ரிப் பண்ணையின் அளவைக் குழப்பம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், தெற்கே மணற்பாங்கான பகுதியில் இருக்கும் ஒரு குடும்பப் பண்ணையில் ஒரு கோடையில் நடந்தது இது. யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை. பண்ணை உரிமையாளர், பழம் பொதியும் கொட்டகையின் பொறுப்பாளர், பறிக்கும் தொழிலாளர்கள், கவுண்டி எடை அளவு அலுவலகத்தின் ஆய்வாளர் ஆகியோரே இதில் வருபவர்கள். கொட்டகைப் பொறுப்பாளர் ஒரு தமிழ்ப் பெண், எங்கள் குடும்பத்துக்கு அறிமுகமானவர். பண்ணைக் கணக்குகளைச் சரிபார்ப்பது என் தொழில். அவர் சொல்லித்தான் உரிமையாளர் என்னை அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பருவம் கழிந்திருந்தது. அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளைக் கொட்டகையின் நோட்டுப் புத்தகத்திலிருந்தும் அங்கிருந்தவர்கள் சொன்னதிலிருந்தும் தொகுத்திருக்கிறேன்.

அந்தப் பண்ணையில் டியூக், புளூகிராப் என்ற இரண்டு ரகங்கள். ஜூன் நடுவில் டியூக் பழுக்கத் தொடங்கும், ஜூலையில் புளூகிராப் கைக்கு வரும். தொழிலாளர்கள் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் வாளியில் பறிப்பார்கள். வாளியின் பக்கத்தில் ‘1 கேலன்’ என்று அச்சாகியிருக்கும், அந்தக் கோடுவரை நிரம்பினால் ஒரு வாளி. வாளிக்கு இவ்வளவு என்று கூலி. வாளிகள் கொட்டகைக்கு வந்ததும் காயும் காம்பும் நசுங்கியதும் நீக்கி, பழத்தைக் காகிதக்கூழ்க் கூடைகளில் நிரப்பிச் சாலையோரக் கடையில் விற்பார்கள். கூடை ஒரு குவார்ட்டு அல்லது அரைக் குவார்ட்டான ஒரு பின்ட்.

அந்த ஆண்டுவரை வரவையும் விற்பனையையும் யாரும் ஒப்பிட்டதில்லை. புதிதாக ஒரு கணினி விரிதாள் போட்டார்கள். அதில் ஒரு நெடுவரிசை ‘வாளி’, அடுத்தது ‘வாளி x 4 = குவார்ட்டு’, அதற்கடுத்தது ‘நிரப்பிய குவார்ட்டு’, கடைசியில் ‘இழப்பு’. நான்கு குவார்ட்டு ஒரு கேலன் என்பது அமெரிக்காவில் தொடக்கப் பள்ளிப் பாடம். அந்த ‘x 4’ சரியா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

ஜூன்: கணக்கில் தெரிந்த ஓட்டை

முதல் வாரத்திலேயே ‘இழப்பு’ நெடுவரிசை உரிமையாளரைத் திடுக்கிட வைத்தது. நோட்டில் இருந்த ஒரு நாளை அப்படியே தருகிறேன். வந்த வாளி 160. எதிர்பார்த்த குவார்ட்டு 640. நிரப்பியது 541. காணாமல் போனது 99, அதாவது நூற்றுக்குப் பதினைந்தரை. காய், காம்பு கழிவு நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போகாது என்பது அவருடைய அனுபவம். மீதிப் பழம் எங்கே?

முதலில் கொட்டகையைப் பார்த்தார்கள். கழிவுத் தொட்டியை நிறுத்துப் பார்த்தார்கள், அதில் அவ்வளவு பழம் இல்லை. குளிர் அறையில் அழுகலும் இல்லை. பிறகு சந்தேகம் வயலுக்குப் போனது. வாளி முழுதாக நிரம்பாமலே எண்ணிக்கையில் சேர்கிறதா? பறிப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களா? வாளிகளை எண்ணி ஒப்பமிட்டவர் கொட்டகைப் பொறுப்பாளர் என்பதால் அந்தக் கேள்வியின் பாரம் அவர்மேலும் விழுந்தது. பின்னாளில் அவர் என்னிடம் சொன்னது இது: “அண்ணா, ஒவ்வொரு வாளியும் கோடுவரைக்கும் இருக்கான்னு என் கண்ணால பார்த்துத்தான் கோடு போட்டேன். ஆனா சாயங்காலம் கணக்குல பழம் இல்லைன்னா, நான் என்னன்னு பதில் சொல்றது?”

இந்தக் கட்டத்தில் நோட்டில் ஒரு தடயம் இருந்தது. இழப்பு ஒவ்வொரு நாளும் நூற்றுக்குப் பதினைந்து, பதினைந்தரை, பதினாறு என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. மழை பெய்த நாளிலும் வெயில் காய்ந்த நாளிலும், ஆள் குறைந்த நாளிலும் நிறைந்த நாளிலும் அதே அளவு. திருட்டு இப்படி நடக்காது, அழுகலும் இப்படி வராது. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், சிலநாள் இல்லாமலே போகும். எத்தனை வாளி வந்தாலும் அதே விகிதத்தில் குறைகிறது என்றால் முதலில் அளக்கும் பாத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் விரிதாளில் இழப்பு குவார்ட்டுகளாகவே காட்டப்பட்டது. 99, 74, 118 என்று எண்கள் மாறிக்கொண்டே இருந்ததால் விகிதம் மாறாமல் இருப்பது கண்ணில் படவில்லை.

ஜூன் இறுதி: கூலி முறை மாற்றம்

உரிமையாளர் எடுத்த முதல் முடிவு, கூலியை வாளிக் கணக்கிலிருந்து நிரப்பிய குவார்ட்டுக் கணக்குக்கு மாற்றியது. நான்கு குவார்ட்டு நிரம்பினால் பழைய ஒரு வாளிக் கூலி. நியாயமாகத்தான் செய்கிறோம் என்று அவர் நம்பினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாளி குறைவாக வந்தால் அதன் நட்டம் கொண்டுவருபவருக்கு, நிறைவாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை என்பது அவர் எண்ணம். நடந்ததோ வேறு. ஒரு வாளிக் கூலியைப் பெறத் தொழிலாளி இப்போது ஒரு வாளியும் இன்னும் ஆறில் ஒரு பங்கும் பறிக்க வேண்டியிருந்தது.

இழப்பு குறையவில்லை. பழம் குறைந்தால் தங்கள் கூலிதான் குறையும் என்று தெரிந்த பிறகும் அதே விகிதம் நீடித்தது. இது இரண்டாவது தடயம். வயலில் எடுக்கிறார்கள் என்பது உண்மையானால் இந்த வாரத்தில் அது நின்றிருக்க வேண்டும். இதையும் யாரும் அப்படிப் படிக்கவில்லை.

பொறுப்பாளர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கூலி முறை மாறிய பிறகும் பழைய பழக்கத்தில் ஆளுக்கு எத்தனை வாளி என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பின்னால் எல்லாவற்றையும் சரிசெய்ய உதவியது அந்த நோட்டுதான்.

ஜூலை முதல் வாரம்: ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள்

கொட்டகைக்குத் தொலைவான வரிசைகளில் பறித்துக்கொண்டிருந்த இருவரை உரிமையாளர் களையெடுப்புக்கு மாற்றினார். குற்றம் சாட்டவில்லை, காரணமும் சொல்லவில்லை. அதே நாட்களில் காகிதக்கூழ்க் கூடைகள் தீர்ந்துவிட்டன. புது இருப்பு வரத் தாமதமாகும் என்று தெரிந்ததும், உணவுக் கடைகளில் பயன்படும் மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை மொத்தமாக வாங்கினார்கள். அடியில் ‘32 ஃபுளூயிட் அவுன்ஸ், 1 குவார்ட்டு’ என்று இருந்தது. விலையை மாற்றவில்லை. ஒரு குவார்ட்டு 8 டாலர், கூடையானாலும் டப்பாவானாலும்.

மறுநாளே இழப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. 160 வாளி வந்தால் 627 டப்பா நிரம்பின.

உரிமையாளரின் கண்ணுக்கு இது தெளிவான நிரூபணம். இரண்டு பேரை மாற்றியதும் பழம் திரும்பிவிட்டது. டப்பா மாறியது வெறும் பொதி மாற்றம் என்றே அவர் நினைத்தார். மாற்றப்பட்ட இருவரில் ஒருவர் அந்த வாரமே வேலையை விட்டுப் போனார். போகும்போது, தன்னைத் திருடி என்று நினைக்கிறார்கள் என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை நடு: ஆய்வாளர் வருகை

கவுண்டி ஆய்வாளர் வழக்கமான சோதனைக்கு வந்தார். நம்மூரில் முத்திரை ஆய்வாளர் பார்க்கும் வேலை. தராசைப் பார்த்த பிறகு கடைமேசையில் இருந்த டப்பாக்களைப் பார்த்தார். ‘குவார்ட்டு’ என்ற விலைப்பலகையைப் பார்த்தார். வண்டியிலிருந்து ஒரு குவார்ட்டுக் கூடையை எடுத்துவந்து, ஒரு டப்பாப் பழத்தை அதில் கொட்டினார். கூடை நிரம்பவில்லை. விளிம்புக்கு நன்றாகக் கீழேயே நின்றது. மேலும் சில டப்பாக்களைக் கொட்டிப் பார்த்துவிட்டு, டப்பாக்களைக் குவார்ட்டு என்று விற்பதை நிறுத்தும்படி எழுதிக் கொடுத்தார்.

உரிமையாளர் வாதாடினார். டப்பாவில் 1 குவார்ட்டு என்று அச்சாகியிருக்கிறதே, நாங்களா அச்சடித்தோம்? ஆய்வாளரின் பதில் சுருக்கமானது. அது பாலுக்கும் சூப்புக்குமான குவார்ட்டு. பழத்துக்கு உலர் குவார்ட்டு. அமெரிக்கச் சட்டப்படி இரண்டும் வெவ்வேறு கொள்ளளவு.

உரிமையாளர் அதை முழுதாக நம்பவில்லை, அதற்கும் காரணம் உண்டு. சமையலறையில் ‘உலர் பொருள் கப்’ என்றும் ‘திரவக் கப்’ என்றும் தனித்தனியாக விற்கிறார்கள். இரண்டும் கொள்வது ஒரே 236.6 மி.லி. மாவைத் தட்டி மட்டம் செய்ய ஒரு வடிவம், பாலைச் சிந்தாமல் ஊற்ற ஒரு வடிவம், அவ்வளவே. அங்கே தமிழ்க் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி வரும், ஒன்றுதான் என்ற பதிலும் வரும். கப்புக்கு அது சரி. பின்ட்டுக்கும் குவார்ட்டுக்கும் சரியல்ல. உலர் பின்ட், உலர் குவார்ட்டு என்று தனி அளவைகள் உண்டு. உலர் கப் என்று தனி அளவை இல்லை.

வாளியும் கூடையும்

நான் அழைக்கப்பட்டது இந்த ஆணைக்குப் பிறகு, டப்பாவில் விற்றதற்கு எவ்வளவு குறைவு என்று கணக்கிட. அதைச் செய்வது எளிது. ஒரு உலர் குவார்ட்டு 67.2 கன அங்குலம், அதாவது 1101.2 மி.லி. ஒரு திரவக் குவார்ட்டு 57.75 கன அங்குலம், 946.4 மி.லி. டப்பா உலர் குவார்ட்டில் நூற்றுக்கு 14 குறைவு. எடையில் சொன்னால், ஒரு உலர் குவார்ட்டு புளூபெர்ரி ஏறக்குறைய 680 கிராம், அந்த டப்பாவில் 585 கிராம் அளவுதான் இருக்கும். 8 டாலருக்கு விற்றது 6.88 டாலர் பெறுமானம்.

அந்த 14 என்ற எண்ணைப் பார்த்ததும் பொறுப்பாளர் நோட்டைத் திறந்தார். ஜூன் மாதம் முழுவதும் அவரை வாட்டிய எண்ணும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாளியில் இருப்பது 1 கேலன். அது எந்தக் கேலன்? வாளி தயாரிப்பவர் தண்ணீருக்கும் பெயின்டுக்கும் உரிய திரவக் கேலனைத்தான் அச்சிடுவார்: 231 கன அங்குலம். அதை 67.2 ஆல் வகுத்தால் 3.4375. ஒரு வாளிப் பழம் கூடையில் நான்கு குவார்ட்டு அல்ல, மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. முழு எண்ணில் சொன்னால் 16 வாளிக்கு 55 கூடை. விரிதாள் எதிர்பார்த்தது 64. ஒவ்வொரு 64-லும் 9 கூடை, ஏழில் ஒரு பங்கு, எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை.

160 வாளி வந்த அந்த நாளை மறுபடி கணக்கிட்டோம். 550 உலர் குவார்ட்டு வர வேண்டும், வந்தது 541. வித்தியாசம் 9, நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. உரிமையாளர் எதிர்பார்த்த கழிவு அதுதான்.

டப்பா வந்ததும் இழப்பு மறைந்ததற்கும் இதுவே காரணம். வாளியும் டப்பாவும் திரவ அளவை, நான்கு டப்பா சரியாக ஒரு வாளி. கணக்கு நேரானது, ஆனால் அந்த ஏழில் ஒரு பங்கு இப்போது வாங்குபவரின் கையிலிருந்து போனது. ஜூனில் தொழிலாளர்கள்மேல் விழுந்த அதே குறை ஜூலையில் வாடிக்கையாளர்மேல் விழுந்திருக்கிறது. யாரும் எதையும் எடுக்கவில்லை.

எண்ணாக மட்டும் சொன்னால் உரிமையாளர் மனம் ஒப்பாது என்று பொறுப்பாளர் நினைத்தார். அவர் எதிரிலேயே ஒரு வாளிப் பழத்தைக் கூடைகளில் கொட்டினோம். மூன்று கூடை நிரம்பி, நான்காவது பாதிக்கும் கீழே நின்றது. நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, வேலையை விட்டுப்போன பெண்ணின் தொலைபேசி எண் இருக்கிறதா என்று கேட்டார்.

ஏன் இரண்டு குவார்ட்டு

தமிழ் வாசகர்களுக்கு இது விளங்க மறுக்கும் இடம். நம் முகத்தல் அளவையில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று போகும் வரிசை நெல்லுக்கும் எண்ணெய்க்கும் பொது. சோழர் கல்வெட்டுகளில் நுந்தா விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் என்று வரும், அதே வரிசையின் மரக்காலில்தான் நெல்லும் அளந்தார்கள். ஊருக்கு ஊர் படி மாறியதுண்டு. பொருள் உலர்ந்ததா திரவமா என்பதற்காக அளவு மாறியதில்லை.

இங்கிலாந்தில் வணிகத்துக்கு ஏற்ப அளவைகள் பிரிந்து வளர்ந்தன. தானியத்துக்கு வின்செஸ்டர் புஷல்: பதினெட்டரை அங்குல விட்டமும் 8 அங்குல ஆழமும் கொண்ட உருளை, 2150.42 கன அங்குலம். அதில் 32-இல் ஒன்று உலர் குவார்ட்டு. ஒயினுக்கு வேறு கேலன். ஆன் அரசி காலத்தில், 1707-இல், 7 அங்குல விட்டமும் 6 அங்குல உயரமும் கொண்ட உருளையாக அது நிலைபெற்றது. பை (π) மதிப்பை 22/7 என்று வைத்தால் சரியாக 231 கன அங்குலம். அதில் கால் பங்கு திரவக் குவார்ட்டு. அமெரிக்கா இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது. பிரிட்டனோ 1824-இல் இரண்டையும் கைவிட்டு, உலர் பொருளுக்கும் திரவத்துக்கும் பொதுவான இம்பீரியல் கேலனைக் கொண்டுவந்தது. அதனால் இந்தக் குழப்பம் பிரிட்டனில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது.

பெர்ரிக் கூடைக்கென்றே அமெரிக்காவில் 1916-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கூடைகள் உலர் அரைப் பின்ட், பின்ட், குவார்ட்டு அல்லது குவார்ட்டின் மடங்குகளில்தான் இருக்க வேண்டும் என்று கன அங்குலத்தில் வரையறுத்தது. காட்டுச்செடியாக இருந்த புளூபெர்ரியை எலிசபெத் வைட் என்ற பண்ணையாளரும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் நியூஜெர்சியின் ஒயிட்ஸ்பாகில் தோட்டப்பயிராக்கி, முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பியதும் அதே 1916-இல்தான். சட்டம் 1968-இல் நீக்கப்பட்டாலும் அந்த அளவைகள் மாநிலங்களின் விதிகளில் தொடர்கின்றன. கூடை செய்பவர்கள் இன்றும் அதே அளவில் செய்கிறார்கள். கூழ்க்கூடையில் எதுவும் அச்சாகாமல் இருந்தாலும் அளவு சரியாக இருந்ததற்கு அதுதான் காரணம். அச்சாகியிருந்த டப்பாதான் தவறாகப் போனது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதலில் கூலி. கூலி முறை மாறிய நாளிலிருந்து டப்பா வந்த நாள்வரை, ஒவ்வொருவருக்கும் நோட்டில் இருந்த வாளி எண்ணிக்கைப்படி பழைய கூலியைக் கணக்கிட்டு, கொடுத்ததைக் கழித்து மீதியைக் கொடுத்தார்கள். விட்டுப்போனவருக்கும் காசோலை அனுப்பினார்கள். கூடவே உரிமையாளர் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். களையெடுப்புக்கு மாற்றப்பட்ட மற்றவர் மறுபடி பறிப்புக்கு வந்தார். காரணத்தை எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும் என்று பொறுப்பாளர் வற்புறுத்தினார். சந்தேகம் எல்லோருக்கும் தெரிந்திருந்தபோது, அது தீர்ந்தது இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்றார். அவர் சொன்னது சரி. காலை வேலை தொடங்குமுன் உரிமையாளர் அதைச் சொன்னார்.

அடுத்தது அளக்கும் முறை. விரிதாளில் ‘x 4’ என்பதை ‘x 3.4375’ என்று மாற்றினால் போதுமே என்று ஒரு யோசனை வந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. காரணம் தெரியாத எண்ணை அடுத்த ஆண்டு வரும் ஒருவர் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார். மேலும் பழத்தில் கொள்ளளவு நிலையானதும் அல்ல. பெரிய பழம் இடைவெளி விட்டு நிற்கும், சிறியது நெருங்கி அமரும், வண்டியில் குலுங்கினால் மட்டம் இறங்கும். ஆகவே வயலிலிருந்து கொட்டகைவரை எல்லாம் எடையில் என்று முடிவானது. ஒரு வாளிப் பழம் ஐந்து பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தது. இரண்டு ரகங்களிலும் வாளிகளை நிறுத்து, அவற்றில் குறைந்த சராசரியை வைத்துப் பவுண்டுக் கூலியை வகுத்தோம். குறைந்த எடையால் வகுத்தால் பவுண்டுக்குக் கூலி கூடும், அந்த வித்தியாசம் தொழிலாளர் பக்கம் போகட்டும் என்று உரிமையாளரே சொன்னார்.

கடையில் கூடையே தொடர்ந்தது. அந்தப் பகுதியில் மக்கள் பின்ட், குவார்ட்டு என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள், விதிப்படி உலர் அளவைக் கூடையில் விற்பதும் சரி, எடையில் விற்பதும் சரி. மீந்த டப்பாக்களைத் தூக்கிப் போடவில்லை. நிகர எடையை ஒட்டி, எடைக்குத் தக்க விலையில் விற்றுத் தீர்த்தார்கள்.

பின்விளைவு

டப்பாவில் வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று தேட வழியில்லை. என்ன நடந்தது என்பதைக் கடைப்பலகையில் எழுதி, அந்த வாரங்களில் வாங்கியவர்கள் சொன்னால் ஒரு பின்ட் பழம் தருவதாக அறிவித்தார்கள். சிலர் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஆய்வாளர் மறுபடி வந்து பார்த்து ஆணையை நீக்கினார். பருவத்தின் மீதி நாட்களில், எடையில் பார்த்த கழிவு நூற்றுக்கு இரண்டை ஒட்டியே இருந்தது. விட்டுப்போனவர் காசோலையைப் பெற்றுக்கொண்டார், திரும்ப வரவில்லை. பக்கத்துப் பண்ணையில் சேர்ந்துவிட்டதாகப் பொறுப்பாளர் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

பருவத்தின் முதல் நாளே ஒரு வாளியைக் கூடைகளில் கொட்டிப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. இரண்டு பாத்திரங்களுக்கு இடையே எந்தக் கணக்குப் போட்டாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றில் உண்மையாகவே ஊற்றிப் பார்த்த பிறகே அதை விரிதாளில் எழுத வேண்டும். இழப்பை எண்ணாக மட்டுமன்றி விகிதமாகவும் காட்ட வேண்டும். அது நாள்தோறும் மாறாமல் நின்றால் ஆட்களை விசாரிக்கும் முன் அளவையைச் சோதிக்க வேண்டும். ஒரே வாரத்தில் ஆளையும் பொதியையும் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று சொல்ல முடியாது. அப்படி மாற்ற நேர்ந்தால் அந்த வாரத்துக் கணக்கிலிருந்து யாரைப் பற்றியும் முடிவுக்கு வரக்கூடாது.

விரிதாளில் வெறும் ‘குவார்ட்டு’ என்ற தலைப்பு இப்போது இல்லை. பண்ணையில் இன்னும் ஓர் இடத்தில் இதே சிக்கல் மீதியிருக்கிறது. புளூபெர்ரி நாற்றுகளையும் தொட்டியில் விற்கிறார்கள். தொட்டிக்குப் பெயர் கேலன், தொட்டியில் நிரப்பும் கரிமண் வருவது கன அடியில். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 25.7 உலர் குவார்ட்டு, திரவக் குவார்ட்டில் 29.9. எத்தனை மூட்டைக்கு எத்தனை தொட்டி என்ற கணக்கில் எந்தக் குவார்ட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று பருவம் முடிந்ததும் பார்க்க இருக்கிறோம். ஒரு தொட்டியை மண்ணால் நிரப்பி, அதை உலர் அளவைக் கூடையில் கொட்டிப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்.